கைமாற்றாகக் கொடுத்த ஷாட்கன்

மூன்று துப்பாக்கிப் போட்டிக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது அவர்கள் காலைத்தான். துப்பாக்கியை எல்லோரும் பார்ப்பார்கள். சரளைக் கல்லில் ஓடி, திரும்பி, மண்டியிட்டு எழுந்திருக்க வேண்டிய ஆட்டத்துக்கு அடிப்பாகம் தேய்ந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். தலைவர் ஜனெல் ஹாய்ட் அம்மாவே ஆறு வருடமாக அப்படித்தான் வருகிறார். தலைவராயிற்றே என்று நான் இதுவரை வாயைத் திறக்கவில்லை.

நீங்கள் கேட்டது காலணியைப் பற்றியல்ல, தெரியும். அக்டோபர் போட்டியில் நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் வாசிப்பதற்கு. கமிட்டியில் இந்த வருடம் சேர்ந்த இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். பொறுமையாகக் கேட்கவும்.

ஆட்டம் எளிது. ஒரு பிஸ்டல், ஒரு ரைஃபிள், ஒரு ஷாட்கன். டைமர் கூவியதும் ஓட வேண்டும், சுட வேண்டும், ஒன்றைப் பீப்பாயில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். எட்டுச் சுற்று. எல்லாச் சுற்றின் நேரத்தையும் கூட்டி யாருக்குக் குறைவோ அவருக்கு வெற்றி. அக்டோபர் போட்டியில் ஜெயித்தவர் பெயரைக் கிளப் வாசலில் இருக்கும் மெஸ்கீட் மரப் பலகையில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் எழுதுவோம். நம் அரிசோனாவில் அந்தப் பலகையில் பெயர் ஏறுவதற்காகப் பெண்டாட்டி பிள்ளையை மறந்தவர்கள் உண்டு.

என் பெயர் அதில் இல்லை. இருக்கவும் போவதில்லை. பதினான்காம் இடம் என்னுடையது. மூன்று முறை பதிமூன்றாவதாக வந்திருக்கிறேன், அவை ஊரில் காய்ச்சல் பரவிய வருடங்கள். ஆகவே வெற்றிக்கு ஆசைப்பட்டு நான் ஏதோ செய்துவிட்டேன் என்று எவராவது கமிட்டியில் சொன்னால், தயவுசெய்து மதிப்பெண் தாள்களை எடுத்துக் காட்டவும்.

நான் முப்பத்தொரு வருடம் செம்புச் சுரங்கத்தின் கருவி அறையில் வேலை பார்த்தவன். ஒரு ஜன்னல், அதற்கு உள்ளே நான். வெளியே நின்று ஆட்கள் கேட்பார்கள்: வெர்லின், இந்த மரை கழல மாட்டேன் என்கிறது, எதைப் போடலாம்? வெர்லின், இந்தப் பாறைக்கு எந்த முனை? நான் எடுத்துக் கொடுப்பேன், எப்படிப் பிடிப்பது என்றும் சொல்வேன். ஓய்வு பெற்ற நாளில் திருப்புளி வரைந்த கேக் வெட்டினார்கள். அடுத்த திங்கட்கிழமை என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. என் மனைவி டோரீன் என்னிடம் எதையும் கேட்டுச் செய்கிற ரகமல்ல. நெவாடாவில் இருக்கும் தங்கையோடு போய் இருந்துவிடலாமா என்பதைக்கூட என்னைக் கேட்காமல்தான் முடிவு செய்தாள்.

அப்போதுதான் இந்தக் கிளப்புக்கு வந்தேன். வந்து பார்த்தால் சுரங்கத்தைவிட மோசம். ஐம்பது பேர், ஐம்பது பேருக்கும் ஏதாவது வேண்டும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தை இடித்துக் கட்டி, அதற்கு டைட்டானியத்தில் கைப்பிடியும் போடுவார்கள். நம் பல் டாக்டர் எடை குறைய வேண்டும் என்று இடுப்புப் பட்டையின் கொக்கியை மாற்றினார், நூறு கிராம் மிச்சமாம். தொப்பையில் குறைத்தால் இன்னும் நிறைய மிச்சமாகுமே என்றேன். அவர் யோசித்துவிட்டு, அதற்கு ஏதாவது பட்டை வருகிறதா என்று கேட்டார்.

நான் பட்டியல்களைப் படித்தேன், பழையதை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு வருடத்தில் கிளப்பில் யார் எதை வாங்குவதென்றாலும் என்னைக் கேட்டுத்தான் வாங்கினார்கள். நான் சொன்னது எதுவும் தவறாகப் போனதில்லை. இதைக் கமிட்டி குறித்துக்கொள்ள வேண்டும். கிளப் சுவரில் தொங்கும் அறிவுரைத் தாளும் நான் எழுதியதே. அதில் முதல் வரி: போட்டிக்கு முந்தைய ஒரு மாதம் எதையும் மாற்றாதே. புதுக் கருவி கைக்குப் பழகாமல் களத்துக்குக் கொண்டுபோனால், பழைய கருவியில் இருந்த நேரமும் போய்விடும். இந்த ஆட்டத்தில் இதைவிட உண்மையான வாக்கியம் கிடையாது.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு மார்ச் மாதம் டெல்ஃபினோ அர்விஸு வந்தான். பள்ளிக்கூடப் பஸ் மெக்கானிக், அப்போது ஐம்பத்திரண்டு வயது. கையில் மாமனார் வாத்துச் சுட்ட ஷாட்கன். ரைஃபிளுக்குக் குறி பார்க்கும் கண்ணாடி கிடையாது, வெறும் இரும்புக் குறி. தோட்டாக்களை இடுப்பில் தச்சர்கள் கட்டும் ஆணிப் பையில் அள்ளிப் போட்டிருந்தான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், நான் கொஞ்சம் அதிகமாக. அன்று ஐம்பத்து மூன்று பேரில் அவன் மூன்றாவது வந்தான்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று சொல்வார்கள். காதால் கேட்டிருந்தேன், அன்று நேரில் பார்த்தேன். அவனுக்கு எதுவுமே தேவையில்லை. அவன் என் ஜன்னல் பக்கமே வர வேண்டாத ஆள்.

நான்தான் தண்ணீர் பாட்டிலோடு அவனிடம் போனேன். ஆணிப் பை எதற்கு என்று கேட்டேன்.

"இதுல ஆணி நிக்குது, தோட்டா நிக்காதா?" என்றான்.

தோட்டா நிற்கும், ஆனால் ஒவ்வொன்றாகத்தானே எடுக்கிறாய், நெஞ்சுக்குக் குறுக்கே தோட்டாத் தட்டு மாட்டினால் நான்கு நான்காக எடுத்துத் திணிக்கலாம், சுற்றுக்கு ஐந்து நொடி மிச்சம் என்றேன். அவன் கண் விரிந்தது. எல்லோருக்கும் விரியும். நான் சொன்னது சத்தியமான உண்மை, வேண்டுமானால் யாரையும் கேளுங்கள். நான்கு நான்காகத் திணிக்கக் கை பழக எட்டு மாதம் ஆகும். அதையும் அவனிடம் சொன்னேன். என்ன, மார்ச்சில் ஆரம்பித்த பேச்சைச் செப்டம்பர் கடைசியில்தான் முடித்தேன். தட்டை நானே கொண்டுபோய் மாட்டிவிட்டு, பெட்டியின் மேல் வழக்கப்படி தேதி எழுதிக் கொடுத்தேன். அந்த அக்டோபரில் அவன் நான்கு நான்காக எடுக்கப் போய்த் தோட்டாக்களைச் சரளையில் கொட்டினான். ஒன்பதாவது இடம்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு என் ஃபோன் அடித்தது. அடுத்து எதை மாற்றலாம் என்று கேட்டான்.

அதற்குப் பிறகு தினமும் ஆறு மணிக்கு அடிக்கும். அவன் மனைவி செலா சமையலறையிலிருந்து, உங்களுக்கு ரெண்டாவது பெண்டாட்டி ஃபோன்ல இருக்காரு, சோறு இறங்குமா இல்ல தூக்கி வைக்கவா என்று கத்துவது எனக்குக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை எனக்கும் சேர்த்துச் சமைப்பாள். பச்சை மிளகாய் போட்ட பன்றிக் குழம்பு, கையால் தட்டிய ரொட்டி. அண்ணே அண்ணே என்று மூன்றாவது முறையும் போடுவாள். இவ்வளவு நல்ல மனிதர்களுக்கு நான் கெடுதல் நினைப்பேனா? நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த வருடம் பிஸ்டலுக்கு, குறி விழும் இடத்தில் சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி. நல்ல பொருள், இன்று நீங்கள் எல்லோரும் அதைத்தான் வைத்திருக்கிறீர்கள். முதல் ஆறு மாதம் புள்ளி கண்ணில் அகப்படாது, மாலையில் கூட்டில் அடைக்கக் கோழியைத் தேடுவது போல் தேட வேண்டியிருக்கும். அக்டோபர் ஐந்தாம் தேதி பொருத்திக் கொடுத்தேன். அதற்கடுத்த வருடம் ரைஃபிள் கண்ணாடி. பிறகு விசை, பிறகு துப்பாக்கிக் கட்டை. ஒரு வருடம் வலப்பக்கம் இருந்த பிஸ்டல் உறையை நான்கு விரல் முன்னால் தள்ளச் சொன்னேன். நான்கு விரல்தான். அந்த வருடம் அவன் கை நாள் முழுவதும் காலி இடத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். ஏழாவது.

இதில் நான் எந்தத் திருகையும் தளர்த்தியதில்லை, எந்தத் தோட்டாவையும் தொட்டதில்லை. நல்ல பொருளைச் சொன்னேன், நேரம் மட்டும் என் வசதிக்கு. ஒரு வருடம் செப்டம்பரில் அவன் மான் வேட்டைக்கு மலைக்குப் போய்விட்டான், மூன்று வாரம் ஃபோன் வேலை செய்யவில்லை. பழைய கருவியோடு நேரே போட்டிக்கு வந்து இறங்கி இரண்டாவது வந்தான். அன்று எனக்கு உண்மையிலேயே பயமாகிவிட்டது. பலகையில் பெயர் ஏறியவன் யாரையும் எதுவும் கேட்பதில்லை. கேட்க என்ன இருக்கிறது?

இப்போது கண் விஷயம்.

போன வருடம் ஏப்ரலில் ஒரு நாள் ஆறு மணிக்குக் கூப்பிட்டு, விளக்குக் கம்பமெல்லாம் வலது கண்ணுக்கு வளைந்து தெரிகிறது, ரைஃபிள் கண்ணாடியில் கோளாறா என்றான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாயா என்றேன். கழற்றினாலும் வளைவுதான் என்றான். செலா அவனைத் துசான் நகர ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்ணுக்குள் இருக்கும் திரை இழுபட்டிருக்கிறதாம். ஆபரேஷன் செய்ய வேண்டும், சீக்கிரம் செய்தால் கண் தப்பும், அதற்குப் பிறகு ஷாட்கன் உதையைத் தோளில் வாங்கவே கூடாது என்று டாக்டர் சொன்னார். இனி ஒவ்வொரு குண்டும் திரையைக் கொஞ்சம் இழுக்கும் என்றும் சொன்னார். இவையெல்லாம் அவனே எனக்குச் சொன்னவை. நான் தெரியாது என்று சொல்லப் போவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் பெரிய சண்டை. செலா தட்டைப் படார் என்று வைத்தாள். அவன் பிடிவாதமாக இருந்தான். பலகையில் பேர் ஏறட்டும், மறுநாள் காலையிலேயே போய்ப் படுத்துக்கொள்கிறேன் என்றான். ஏறாவிட்டால்? ஏறுகிற வரைக்கும் என்றான். அவன் அப்பா, தாத்தா எவர் பெயரும் இந்த ஊரில் எதிலும் எழுதப்படவில்லையாம், சுரங்க விபத்தில் செத்தவர்களின் நினைவுக் கல்லைத் தவிர. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். அக்டோபர் வரை ஒரு புதுச் சாமானும் வீட்டுக்குள் வரக் கூடாது.

"அண்ணே, உங்களையும் சேத்துத்தான் சொல்றேன். ஒரு திருகாணிகூட. அவரு ஜெயிக்கட்டும், நான் அவர் கண்ணக் காப்பாத்திக்கிறேன்."

சரி என்றேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தேன். ஆறு மாதம் நான் அவனுக்கு ஒரு திருகாணியும் சொல்லவில்லை. ஆறு மணிக்கு ஃபோன் அடிக்கும், வெயிலைப் பற்றிப் பேசுவோம், பஸ்ஸைப் பற்றிப் பேசுவோம், மூன்று நிமிடத்தில் வைத்துவிடுவான். ஆகஸ்டில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் அடித்தது. செப்டம்பரில் ஒரு வாரம் முழுக்க அடிக்கவே இல்லை. நான் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, லைன் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

போட்டி நாளில் அவன் எப்படிச் சுட்டான் என்பதை நீங்களே பார்த்தீர்கள். ஏப்ரலிலிருந்து ஒரே பிஸ்டல், ஒரே உறை, ஒரே தோட்டாத் தட்டு. ஒன்பது வருடத்தில் முதன்முறையாக அவன் கருவிகள் அவன் கையின் பங்காகிவிட்டிருந்தன. ஏழு சுற்று முடிந்தபோது, இரண்டாவதாக இருந்த பிராண்டி கெஸ்லரைவிடப் பதினோரு நொடி முன்னால். பதினோரு நொடி என்பது நம் ஆட்டத்தில் மதியம் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்கிற தூரம். செலா கூடாரத்தின் கீழே நின்று துசான் ஆஸ்பத்திரி ஆபரேஷனுக்குத் தேதி எழுதிக் கொடுத்த அட்டையைக் கையில் மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் சுற்றின் கடைசிக் குண்டோடு அவன் ஷாட்கனில் தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கி உடைந்தது. அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. இரும்பு களைத்துப் போகும், அவ்வளவுதான். இதைத் தனியாக அடிக்கோடிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி வருவது நம் வழக்கம். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். துப்பாக்கி உடைந்தால் எதிராளியே தன்னுடையதை நீட்டுவான். உலகத்தில் வேறு எந்த விளையாட்டிலும் இதைப் பார்க்க முடியாது, நாமே சொல்லிச் சொல்லிப் பூரிக்கிற விஷயம் இது. அதில் இன்னொரு பாதியும் உண்டு. கைமாற்றாகக் கொடுக்கும்போது அந்தத் துப்பாக்கியின் குணத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இடது பக்கம் இழுக்கும், விசை கனம், எட்டுத் தோட்டாதான் பிடிக்கும், இப்படி. நடுவில் சுட்டுப் பார்க்க விதி இடம் கொடுக்காது. ஆகவே அந்த வார்த்தைகளும் துப்பாக்கியின் ஒரு பாகம்.

எட்டாவது சுற்று முழுக்க ஷாட்கன். சுட்டு விழ வைக்க வேண்டியவை பதினாறு இரும்புத் தட்டுகள். அவன் முறை வர இரண்டு பேர் பாக்கி. பிராண்டி தன் ஷாட்கனைத் தூக்கிக்கொண்டு ஏற்கெனவே அவனை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள். அவளைத் தோற்கடிக்கப் போகிறவனுக்கு அவளே கொடுக்க வந்தாள், சிரித்துக்கொண்டு. நல்ல பெண். அவளுடையது நேராகச் சுடும்.

நான் பக்கத்தில் இருந்தேன். என்னுடையது அவனுடைய அதே ரகம், அதே பொத்தான்கள். அதைச் சொல்லித்தான் நீட்டினேன். அவனும் நிம்மதியாக வாங்கிக்கொண்டான்.

என் துப்பாக்கிக்கு மூன்று குணம். முன் பக்கத் திறப்புப் பொத்தான் இறுக்கம். பத்தாவது தோட்டா கொஞ்சம் அழுத்தினால்தான் ஏறும். மூன்றாவது, கன்னம் வைக்கும் கட்டையை நான் உயர்த்தி வைத்திருக்கிறேன். சுரங்கத்தில் கழுத்துப் பிசகியவன், எனக்குத் தலை முழுதாகக் குனியாது. கண் உயர்ந்தால் குண்டும் உயரும். கொஞ்சம் கீழே பார்த்துச் சுட என் கை தானாகப் பழகிவிட்டது, எனக்கு அது நேராகப் போகும். பழகாத எவன் சுட்டாலும் தட்டுக்கு ஒரு சாண் மேலே போகும். ஆறு மாதத்துக்கு முன் பிராண்டி ஒரு நாள் பழகக் கேட்டபோது மூன்றையும் சொல்லித்தான் கொடுத்தேன். தட்டின் காலைப் பார்த்துச் சுடு என்றேன். அவள் அப்படியே சுட்டாள், எல்லாம் விழுந்தன.

டெல்ஃபினோவிடம் முதல் இரண்டைச் சொன்னேன். அவன் துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்தான், கன்னத்தை வைத்துப் பார்த்தான். மெக்கானிக் அல்லவா, அவனுக்குத் தட்டுப்பட்டுவிட்டது.

"என்னய்யா, கொஞ்சம் உசரமா நிக்குதே. எங்க அடிக்கும்?"

"எனக்கு நேராத்தான் அடிக்குது" என்றேன்.

இதுதான் நான் சொன்ன வார்த்தை. பிராண்டி மூன்றடி தள்ளி நின்று கேட்டாள், கட்டையை நான் இறக்கிவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாளாம், அவள் உங்களிடம் சொன்னதில் ஒரு எழுத்தும் பிசகில்லை. இதில் பொய் இருக்கிறதா என்று நானும் மூன்று மாதமாகத் தேடிப் பார்க்கிறேன். எனக்கு நேராகத்தான் அடிக்கிறது.

முதல் தட்டுக்கு மூன்று குண்டு. இரண்டாவதுக்கு மூன்று. மூன்றாவதுக்கு இரண்டு. அதற்குள் அவனே புரிந்துகொண்டு கீழே குறி வைக்க ஆரம்பித்துவிட்டான். வேறு யாராக இருந்தாலும் அது புரியப் பத்துத் தட்டு போயிருக்கும். ஆனால் ஐந்து குண்டு அதிகம் போய்விட்டது, அவற்றைத் திரும்பத் திணிக்க வேண்டும், பத்தாவது வேறு அழுத்தினால்தான் ஏறும். டைமரைக் காட்டினார்கள். மொத்தத்தில் பிராண்டிக்கு ஒன்றே கால் நொடி பின்னால். செலா அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தாள்.

அவன் என் துப்பாக்கியைத் துடைத்து, மிச்சத் தோட்டாக்களை எண்ணி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான்.

"உன் துப்பாக்கிக்கு ஒரு குறையும் இல்லய்யா. என் கண்ணுதான். முதல் தட்டு ரெண்டா தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு" என்றான்.

அப்போது சொல்லியிருக்கலாம். எனக்கும் மனசு உண்டு, சொல்ல வாயெடுத்தேன். அதே மூச்சில் அவன், அடுத்த அக்டோபரில் ஒரு கை பார்த்துவிடலாம், கண் இப்படி இருப்பதால் ஏதாவது வேறு கண்ணாடி போட வேண்டுமா, யோசித்து வை என்றான். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபோன் அடித்தது. ஐம்பது நிமிடம் பேசினோம். டாக்டர் சொன்னதை நான் நினைவூட்டவில்லை, வைத்தியம் என் துறை இல்லை.

டிசம்பர் பதினொன்றாம் தேதி ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தபோது அவன் வலது கண்ணில் அந்தத் திரை கழன்று விழுந்தது. துசானில் இரண்டு முறை ஆபரேஷன் செய்து பார்த்தார்கள். இப்போது அந்தக் கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகிறது.

செலா ஒரு வாரம் கழித்து என் வீட்டுக்கு வந்தாள். நான் சொல்லாமல் விட்ட மூன்றாவது குணத்தைப் பிராண்டி அவளிடம் சொல்லியிருந்தாள். பிக்கப் வண்டியின் பின்பக்கம் முழுக்கப் பெட்டிகள், நாற்பத்தொன்று. ஒவ்வொன்றையும் தூக்கி வந்து என் வாசல் சிமெண்டில் வரிசையாக வைத்தாள். உதவப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினாள். எல்லாவற்றின் மேலும் என் கையெழுத்தில் தேதி.

"செப்டம்பர் இருபத்தெட்டு. அக்டோபர் அஞ்சு. செப்டம்பர் முப்பது. அக்டோபர் ரெண்டு." குனிந்து குனிந்து வாசித்தாள். "ஒரு பெட்டிகூட நவம்பர்ல இல்லையே, அண்ணே. ஏன்?"

"நவம்பர்ல அவன் கேக்கல" என்றேன்.

"அக்டோபர்லயும் அவரு கேக்கல. நீதான் கொண்டாந்த."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வர வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பெட்டிகள் இன்னும் வாசலிலேயே இருக்கின்றன.

கமிட்டி கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் எழுதுகிறேன். ஆம், தெரிந்துதான் செய்தேன். துப்பாக்கி மேலே சுடும் என்று தெரியும். அவன் தோற்றால் ஆபரேஷனுக்குப் போக மாட்டான் என்று தெரியும். போகாவிட்டால் கண் போகலாம் என்றும் தெரியும். மூன்றும் தெரிந்து மூன்று வார்த்தை சொன்னேன். பொறாமை என்று எழுத வேண்டாம். ஜெயித்திருந்தால் மறுநாள் கண்ணைச் சரி செய்துகொண்டு துப்பாக்கிகளை விற்றிருப்பான். பிறகு என்னிடம் கேட்க அவனுக்கு என்ன மிச்சமிருக்கும்? பிராண்டியின் பெயரைப் பலகையிலிருந்து எடுக்க வேண்டாம், அவள் ஒரு தவறும் செய்யவில்லை. என்னைக் கிளப்பிலிருந்து நீக்குவது நியாயமே. நானே கமிட்டியில் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

டெல்ஃபினோ மட்டும் நம்ப மறுக்கிறான். செலா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். வெர்லின் பதற்றத்தில் மறந்திருப்பான், அவனுக்கு என்மேல் எவ்வளவு பிரியம் தெரியுமா என்று அவளோடு சண்டை போட்டானாம். அது உண்மைதான், எனக்கு அவன்மேல் பிரியம் அதிகம். அவளுக்குத் தெரியாமல் பட்டறையிலிருந்து என்னைக் கூப்பிடுகிறான்.

ஆகவே கமிட்டிக்கு ஒரே ஒரு வேண்டுகோள். என்னை நீக்கும் கடிதத்தைப் புதன்கிழமைக்குப் பிறகு அனுப்பினால் நல்லது. அவனுக்கு இடது கண் நன்றாகத்தான் இருக்கிறது. இடது தோளில் வைத்துச் சுடப் பழகப் போகிறானாம், எந்தத் துப்பாக்கி சரிப்படும் என்று கேட்டான். நான் நான்கு தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன். அளவு எடுக்கப் புதன்கிழமை வருகிறான்.